பூட்டாத வீட்டுக்குச் சாவிக் கட்டணம்

1

வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று எங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை என் மனைவி பார்வதியின் முதல் திதி. இரண்டும் இப்படி அடுத்தடுத்து வந்து விழுந்ததால்தான் இந்தத் திங்கட்கிழமை காலையில் எழுத உட்கார்ந்தேன். மனம் அமைதியாக இருந்தால் நான் எழுத மாட்டேன், எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன்.

பினாங்கு என்றால் நம் பக்கத்தில் இன்னும் ஏதோ மாளிகையில் இருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். உள்ளபடி சொல்கிறேன். நாங்கள் இருப்பது பழைய கடைவீடு ஒன்றின் மாடியில். கீழே ஒரு சீனப் பெரியவர் கடிகாரம் பழுது பார்க்கிறார். மேலே நான், மகன் சண்முகம், மருமகள் லெட்சுமி, பேரன் ரவி. மரப்படிகள் பதினெட்டு, ஒன்பதாவது ஆடும். சன்னல்கள் ஐந்து. அதில் ஒன்றில் உடம்பை வெளியே வளைத்தால் கடல் தெரியும். பார்வதி வளைந்து பார்ப்பாள். எனக்குத் தலை சுற்றும்.

வீட்டுக்காரர் இறந்துபோனார். வாரிசுகள் ஆளுக்கொரு நாட்டில். வாடகை வாங்கவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். அன்றிலிருந்து வாடகைச் சீட்டுக்குக் கீழே வால் முளைத்தது. படிக்கட்டு விளக்கு ஒரு கட்டணம். குப்பை ஒரு கட்டணம். 'நிர்வாகம்' என்று ஒரு கட்டணம். நிர்வாகம் என்றால் என்ன செய்வது என்று கேட்க அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். என் மலாய் கடைத்தெருவில் கற்றது. நான் கேட்டதும் அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டேன். அவள் மலாய்க்குப் போய்விட்டாள். நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது வந்திருக்கும் கடிதம் வேறு மாதிரி. கூரையைப் பழுது பார்க்க வேண்டுமாம். இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் வேறெங்காவது இருந்துகொள்ள வேண்டும். சாவியை வைத்துக்கொள்வதற்கும் ஒரு கட்டணம் போட்டிருக்கிறார்கள்.

பழைய கட்டிடங்களுக்கு இந்த ஊரிலும் வாடகைக் கட்டுப்பாடு உண்டு. குடியிருப்பவரைச் சும்மா வெளியேற்ற முடியாது. ஆனால் தானே சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனவரை யார் வெளியேற்ற வேண்டும்? அதைத்தான் சண்முகத்திடம் சொன்னேன். அவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வரும்போதே பாதி தூக்கத்தில் வருகிறவன்.

"ரெண்டு வாரம்தான்லா அப்பா," என்றான். "பட்டர்வொர்த்ல லெட்சுமி அம்மா வீட்ல இருந்துட்டு வந்துடலாம். திதிய அங்க கோயில்ல குடுத்துக்கலாம். இது ஒண்ணும் காரைக்குடி இல்ல."

காரைக்குடி இல்லை என்பது எனக்கும் தெரியும். காரைக்குடியில் நடந்தது இவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அப்போது இவனுக்கு இருபது வயது.

2

நான் சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து அரிசிக் கிடங்கு ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். சண்முகம் இங்கேதான் பிறந்தான். அவனைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகத்தான் அறுபதுகளில் குடும்பத்தோடு ஊர் திரும்பினேன். சொந்த ஊர் குன்றக்குடிக்குப் பக்கம். அங்கே பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்தது மாட்டுக்கொட்டகையில் பாதி. அதில் மாடும் இல்லை, கூரையும் இல்லை. ஆகவே காரைக்குடியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதும் வேலையைத் தேடிக்கொண்டு, வாடகைக்கு வீடு பார்த்தேன்.

கிடைத்தது ஒரு செட்டியார் வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு முன்னறையும் ஓர் உள்ளறையும். சமையல் அதற்கும் பின்னால் ஒரு சார்ப்பில். வீட்டின் முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் ஏழு பேர். ஒருவர் கொழும்பில், ஒருவர் ஈப்போவில், இரண்டு பேர் சென்னையில், ஒருவர் ரங்கூனிலிருந்து கையை உதறிக்கொண்டு வந்து தேவகோட்டையில். மற்ற இருவர் எங்கே என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அவரவர் அறையை அவரவர் பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிருந்தார்கள். நடு முற்றத்தைச் சுற்றிப் பூட்டிய கதவுகள் பதினான்கு. குடிவந்த முதல் நாளே எண்ணிவிட்டேன்.

அந்த மாதிரி வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பங்காளி வீட்டில் கல்யாணம் என்றாலும் அது பூர்வீக வீட்டில்தான் நடக்கும். அப்போது குடியிருப்பவர்கள் பத்து நாளைக்கு ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். எழுத்து ஒன்றும் கிடையாது. சாவியைக் காரியக்காரரிடம், அதாவது பங்காளிகளுக்காக வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், கொடுத்துவிட்டுப் போக வேண்டியது. முதல் தடவை அப்படித்தான் கொடுத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனோம். திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு அறைக்கும் வெள்ளையடித்திருந்தது. தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. பழைய காரியக்காரர் அந்தப் பத்து நாள் வாடகையையும் கழித்துக்கொண்டார். நல்ல காரியத்துக்கு இல்லை என்று சொல்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. கேட்கிறவர்களும் அதைத் தெரிந்து அளவோடு கேட்டார்கள்.

அவர் காலமானபின் சோலைமலை வந்தார். அதற்கு முன் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். வசூலில் இத்தனை பங்கு என்று பேசி அமர்த்தியிருந்தார்கள். வந்த இரண்டாம் மாதம் கிணற்றுக் கயிற்றுக்குக் காசு என்றார். அடுத்த மாதம் முகப்பு விளக்குக்குக் காசு. அந்த விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. பிறகு கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதற்குக் காசு. எல்லாவற்றுக்கும் ரசீது கேட்டேன்.

"கயித்துக்கு எதுக்கய்யா ரசீது? வேணும்னா கயித்தையே அத்து வச்சுக்கங்க," என்றார்.

எங்கள் ஆலைக்கு ஒரு வக்கீல் வந்துபோவார். அவரிடம் வாடகைச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வாங்கின வாடகைக்கு ரசீது தர வேண்டும். வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். போய் அதைச் சோலைமலையிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நல்லாப் படிச்சிருக்கீக," என்றார். அடுத்த மாதம் வாடகையை வாங்கவே இல்லை.

வாடகை பாக்கி என்று வழக்குப் போடத்தான் அப்படிச் செய்கிறார் என்று புரிந்தது. மணியார்டர் அனுப்பினேன். 'பெறுபவர் மறுத்தார்' என்று திரும்பியது. மறுபடி அனுப்பினேன். இப்படி நான்கு மாதம். எங்களோடு குடியிருந்த தையற்காரர் சண்டைக்குப் பயந்து காலி செய்துவிட்டார். இரண்டாங்கட்டு முழுவதையும் ஒரு வங்கி பெரிய வாடகைக்குக் கேட்கிறது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதில் இடையூறாக மிச்சமிருந்தது எங்கள் இரண்டு அறைதான். சண்முகத்துக்குக் கல்லூரியில் கடைசி வருடம். காலி செய்தால் அந்த வாடகைக்குக் காரைக்குடியில் வேறு இடம் கிடையாது. கூரையில்லாத கொட்டகைக்குப் போய்ப் படிப்பை நிறுத்த வேண்டியதுதான்.

3

வைகாசியில் ஒரு நாள் சோலைமலை ஆலைக்கே வந்தார். கையில் தாம்பாளம், அதில் கல்யாணப் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். சென்னையில் இருக்கும் பங்காளி வீட்டில், உமையாள் ஆச்சியின் மகளுக்குக் கல்யாணம். முதலாளி, எடைபோடுகிறவர்கள், நெல் கொண்டுவந்த சம்சாரிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மாதமாக என் முகத்தைப் பார்க்காத மனுஷன் குனிந்து தாம்பாளத்தை நீட்டினார்.

"பழைய வழக்கந்தான் ஐயா. வெள்ளிக்கிழமை காலையில சாவிய மட்டும் குடுத்துடுங்க. பத்தே நாள்."

நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் கல்யாண வெற்றிலையை யார் திருப்பித் தருவார்கள்? நம் ஊரில் பிறந்த எவனும் தரமாட்டான். அது சோலைமலைக்குத் தெரியும்.

அவர் போனபின் வக்கீலிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "வாயால ஆயிரம் சொல்லியிருக்கலாம், அது காத்துல போயிடும். சாவியக் கையில குடுத்தா வீட்ட ஒப்படைச்சாச்சுன்னுதான் அந்தாளு சொல்லுவாரு. அப்புறம் நீங்க வெளியில நின்னுக்கிட்டு வழக்காடணும்," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பார்வதி முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"வெத்தலைய வாங்கிட்டீகளா?"

"வாங்கிட்டேன்."

"அப்ப நம்ம இல்லைன்னு சொல்ல முடியாது," என்றாள். முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நம்ம சொல்ல முடியாது," என்று இன்னொரு முறை சொன்னாள். இரண்டாவது முறை எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூளை முழுவதும் மணியார்டர்களே ஓடிக்கொண்டிருந்தன.

தெரு மாரியம்மனுக்கு வைகாசியில் திருவிழா. அதற்குப் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். உடைந்த பானை ஓடுகளில் எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தெளித்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து, திருவிழா அன்று தலையில் சுமந்து போய் ஊருணியில் கரைப்பார்கள். வருடாவருடம் ஒரே வீட்டில்தான் வளர்ப்பார்கள். அந்த வருடம் அந்த வீட்டில் ஒரு சாவு, தீட்டு. வேறு இருட்டறை தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாலையில் ஆலையிலிருந்து வந்தால் எங்கள் வாசலில் ஏழெட்டுப் பெண்கள். எதிர்ச் சந்தில் இட்லிக்கடை வைத்திருந்த மீனாட்சி கையை நீட்டி மறித்தாள்.

"அண்ணே, அங்குட்டே நில்லுங்க. முளை போட்டிருக்கு. ஆம்பளைக உள்ள வரக்கூடாது."

"இது என் வீடு."

"வாடகை வீடுதானண்ணே," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தேன். உள்ளறை இருட்டில் வரிசையாக ஓடுகள். இருபத்தொன்று வரை எண்ணினேன். அதற்குள் மீனாட்சி மறைத்துக்கொண்டாள். பார்வதி வந்து என் வேட்டி, துண்டு, கண்ணாடிக்கூடு மூன்றையும் நிலைப்படிக்கு வெளியே நீட்டினாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது.

"என்னைக் கேட்க வேண்டாமா?" என்றேன்.

"காப்புக் கட்டினவ ஊரெல்லையைத் தாண்டக்கூடாது. முளை போட்ட வீட்டப் பூட்டக்கூடாது," என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அந்த நாட்களில் நானும் சண்முகமும் ஆலையில் சாக்குகள் மேல் படுத்தோம். அவன் காலையும் மாலையும் கிணற்றில் தண்ணீர் இறைத்து நிலைப்படி வரை கொண்டு வைப்பான். பார்வதி உள்ளே எடுத்துக்கொள்வாள். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாவி தருவதாக நாலு பேர் முன்னால் வெற்றிலை வாங்கியிருக்கிறேன். சாவியோ முன்னறை ஆணியில் தொங்குகிறது. வாடகை கட்டுகிறவன் நான். அந்த ஆணி வரை போக எனக்கே வழியில்லை.

4

இன்று புதன்கிழமை. மதியம் கீழே கடிகாரக் கடைக்கு ஒரு தள்ளுவண்டி வந்தது. பெரியவர் இரண்டு பெட்டிகளையும் ஒரு மடக்கு நாற்காலியையும் ஏற்றினார். கடிதம் அவருக்கும் வந்திருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டதாகக் கையால் காட்டினார். எனக்குத் தெரிந்த மலாயில் கொடுக்க வேண்டாம், கொடுக்க வேண்டாம் என்றேன். அவர் நான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து, போன மாதம் நான் பழுதுக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தை எடுத்துத் தந்துவிட்டுப் போனார். கீழேயிருந்து எந்நேரமும் கேட்கும் டிக்டிக் சத்தம் இப்போது இல்லை. வீடு பாதி காலியானது போல் இருக்கிறது.

காலையில் வாடகைத் தகராறுகளைக் கேட்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் போய் வந்தேன். வரிசையில் என் முன்னால் பதினோரு பேர். என் முறை வந்ததும் வீடு யார் பெயரில் என்று கேட்டார்கள். மகன் பெயரில். அடையாள அட்டையைக் கேட்டார்கள். என்னுடையது சிவப்பு அட்டை. இங்கே வாழலாம், குடிமகன் இல்லை. மகனை வரச் சொல் என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர். மகனுக்கு வெள்ளிக்கிழமை வரை பகல் வேலை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் ரவி திதி என்றால் என்ன என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். "பாட்டிக்குப் பெர்த்டே மாதிரி," என்றாள் லெட்சுமி. எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில், கடல் தெரியும் அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில்தான் பார்வதி கண்ணை மூடினாள். வருகிற செவ்வாய்க்கிழமை இந்த வீட்டுக் கதவு யார் பூட்டில் இருக்கும்? லெட்சுமியிடம் கேட்டேன். அவள் அடுப்பைத் தணித்தாள். சாப்பிட வாங்க மாமா என்றாள்.

5

காரைக்குடியில் அந்த வெள்ளிக்கிழமை காலை சோலைமலை இரண்டு ஆட்களோடு வந்தார். ஒருவன் கையில் புதுப் பூட்டு, காகிதம் கூடப் பிரிக்காதது. முற்றத்தில் பந்தல்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி வீட்டார் முதல் நாளே வந்து முன்கட்டில் இறங்கியிருந்தார்கள். நான் இரண்டாங்கட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, சாவி?"

"உள்ள இருக்கு."

"எடுத்துட்டு வாங்க."

"நான் உள்ள போக முடியாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஏதோ சட்டம் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். வெற்றிலை வாங்கினதை மறந்துட்டீகளா என்று குரலை உயர்த்தினார். பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை விலக்கிவிட்டு வாசலை நோக்கிப் போனார். உள்ளேயிருந்து மீனாட்சி நிலைப்படிக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சோலமல அண்ணே, காலத் தூக்கி வைக்கிறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கங்க. உங்க வீட்டு அண்ணி ஓடும் உள்ளதான் இருக்கு. உங்க மக வயித்துல ஒரு புள்ள தங்கணும்னு நேந்துக்கிட்டு வச்சது. மிதிச்சுட்டுப் போறதுன்னா போங்க."

தூக்கின கால் அப்படியே கீழே இறங்கியது. அவருக்கு அது தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் குமாஸ்தா குமாஸ்தாதான். மூச்சு வாங்கிக்கொண்டு குரலை மாற்றினார்.

"முளையை யாரும் தொடப்போறதில்ல தாயி. அது பாட்டுக்கு இருக்கட்டும். சாவிய மட்டும் எங்கிட்டக் குடுங்க. கல்யாணக் கூட்டத்துல கண்டவனும் உள்ள வந்துடுவான். நானே பூட்டி வச்சுக்கிறேன். நீங்க தண்ணி தெளிக்கையில வந்து திறந்து விடுறேன்."

நியாயமான பேச்சு. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் தலையை ஆட்டக்கூடத் தொடங்கினார்கள். அவர் திறந்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவது என்றால் வீடு அவர் கைக்குப் போனது போலத்தான். இதை எப்படி அவர்களுக்குச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்போது பார்வதி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பூட்டுற வீட்டுக்குத்தானண்ணே சாவி? இது பூட்டாத வீடு. தெருவே வந்து போகுது. சாவிக்கு இங்க வேலையில்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. சோலைமலை பதில் சொல்வதற்குள் முன்கட்டிலிருந்து உமையாள் ஆச்சி வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் இன்னும் கல்யாணச் சாமான் எண்ணும் சீட்டு இருந்தது. என்ன சத்தம் என்றார். குடியிருக்கிறவங்க வழக்கத்தை மீறுறாங்க என்றார் சோலைமலை. ஆச்சி அவரைக் கடந்து வாசலுக்குப் போனார். பெண்கள் வழிவிட்டார்கள். உள்ளே போனவர் சற்று நேரம் வரவில்லை. புதுப் பூட்டு வைத்திருந்தவன் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது ஆச்சியின் நெற்றியில் திருநீறு இருந்தது.

"என் மக கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்குள்ள முளை எழும்பி நிக்குது," என்றார். "இதைக் காலி பண்ணச் சொன்னது யாரு?"

ஆச்சி பார்வதியின் பக்கம் திரும்பி, இத்தனை ஓட்டுக்கும் தண்ணி எங்குட்டிருந்து என்று கேட்டார்.

"நம்ம கிணத்துலதான் ஆச்சி. கயித்துக்குக் காசு குடுத்துட்டு எடுத்துக்கிறோம்."

"எந்தக் கயித்துக்கு?"

அதற்குமேல் நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியும், ஆனால் வேண்டாம். சோலைமலையை அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஏழு கையெழுத்து வேண்டும். ஈப்போக்காரர் பதிலே போடவில்லை. கயிற்றுக் காசு நின்றது. விளக்குக் காசு நிற்கவில்லை, ஆனால் விளக்கு எரியத் தொடங்கியது. வாடகையை ரசீதோடு வாங்கிக்கொண்டார். வங்கி வேறு வீட்டைப் பார்த்துக்கொண்டது. கல்யாணம் முன்கட்டில் நடந்தது, முளைப்பாரி பின்கட்டிலிருந்து புறப்பட்டது. சண்முகம் அந்த இரண்டு அறையிலிருந்துதான் கடைசிப் பரீட்சைக்குப் போனான். சோலைமலையின் மகளுக்கு மறு வருடம் குழந்தை பிறந்து, எங்கள் வீட்டுக்கும் சர்க்கரை வந்தது.

திட்டம் போட்டுத்தான் அந்த வீட்டை முளைக்குக் கொடுத்தாயா என்று பார்வதியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "மாரியாத்தாளே இருட்டறை தேடி வந்தா, இல்லைன்னா சொல்லுவாக?" என்பாள். சண்முகத்துக்கு வேலை கிடைத்து எல்லாரும் மறுபடி பினாங்குக்கு வந்த பிறகும் அதே பதில்தான்.

6

வியாழக்கிழமை சாயங்காலம் சண்முகத்தை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். அவன் பாதியிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டான். தூக்கம் என்று நினைத்தேன். "தண்ணி தூக்குனது மட்டும் ஞாபகம் இருக்குப்பா," என்றான். "நான் வாளி வாளியா தூக்குறேன், நீங்க தூணுக்குப் பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்க." பிறகு எழுந்து போய்விட்டான். அவன் என்ன முடிவு செய்தான் என்று எனக்குச் சொல்லவில்லை. தாயைப் போல.

வெள்ளிக்கிழமை நான் குளித்து, சட்டை போட்டு, மிஸ்டர் லிம்மிடம் சொல்ல ஆங்கிலத்தில் ஏழு வாக்கியம் தயார் செய்து, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். லிம் அந்த நிறுவனத்தின் ஆள். நல்ல உடுப்பு, மெதுவான பேச்சு. லெட்சுமி காலையிலேயே கதவின் இரண்டு பலகையையும் விரியத் திறந்து, பார்வதியின் படத்தை எடுத்துவந்து வாசலுக்கு நேராக வைத்து மாலை போட்டிருந்தாள். ஏன் இப்போதே என்று கேட்டேன். "அத்தையைப் பார்க்க ஆள் வருவாங்கல்ல மாமா," என்றாள்.

பத்து மணிக்கு ஒன்பதாவது படி ஆடும் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். எனக்கு முன்னால் சண்முகம் போய் வாசலில் நின்றான். வேலைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"சாவி இல்லை, மிஸ்டர் லிம். இந்தக் கதவை நாங்கள் பூட்டுவதில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குப் பூசை. ஆட்கள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள். உங்கள் கூரைக்காரர்களும் வரட்டும். நாங்கள் உள்ளேயே இருப்போம்."

லிம் உள்ளே பார்த்தார். படத்தையும் மாலையையும் பார்த்தார். பூசையா என்று கேட்டுவிட்டு, உள்ளே வைக்கப்போன காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் முன்னோருக்கு ஊதுவத்தி கொளுத்துவார்கள் போலும். ஆனால் அவரும் விடவில்லை. ஒரே ஒரு சாவியாவது கொடுங்கள், இல்லையென்றால் அலுவலகத்தில் என்ன சொல்வேன் என்றார். சண்முகம் கதவைச் சுட்டிக் காட்டினான். பூட்டு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தாழ்ப்பாள் தகட்டையே கழற்றியிருந்தான். பலகையில் நான்கு திருகாணித் துளைகள். லிம்மும் அவற்றை எண்ணினார் என்றுதான் நினைக்கிறேன். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் ஏழு வாக்கியமும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

திங்கட்கிழமை கூரைக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். எங்கள் தலைக்கு மேலேயே கூரை ஓடுகளை மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை சுத்தியல் சத்தத்துக்கு நடுவில்தான் பார்வதிக்குத் திதி நடந்தது. படையல் இலையில் தூசி விழாமல் ரவி குடை பிடித்துக்கொண்டு நின்றான். பெர்த்டேக்குக் குடை எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரர் குடும்பம் வந்தது. கடிகாரக்காரப் பெரியவரும் வந்து சாப்பிட்டார். அவருடைய கடைக்கு வேறு பூட்டுத் தொங்குகிறது. சாவி இன்னும் கைக்கு வரவில்லை. சண்முகம் அவர் பெயரில் ஒரு மனு எழுதி, நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு அந்த அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறான். அவர்கள் இருவரும் நீல அட்டைக்காரர்கள், குடிமக்கள். வரிசையில் நின்றால் கேட்பார்கள்.

கூரை ஒழுகவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படுக்கப் போகும் முன் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். இப்போது இழுக்க ஒன்றும் இல்லை. தூக்கம் சரியாக வருவதில்லை.

இந்த மாத வாடகைச் சீட்டு வந்துவிட்டது. படிக்கட்டு விளக்கு, குப்பை, நிர்வாகம். அதற்குக் கீழே, சாவிக் கட்டணம். பூட்டாத வீட்டுக்குச் சாவிக் கட்டணம் எதற்கு என்று விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறேன். லிம் நேரில் வந்து சொல்வதானால் வரட்டும். கதவைத் தட்ட வேண்டியதில்லை.